தெமெங்கோரில் ட்ரோலிங்: ஈயமும் பலகையும் கட்டும் விதம்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தூண்டில் பிடிக்கிற பையன்கள் என்னிடம் வந்து, "அண்ணே, ட்ரோலிங்குக்கு எத்தனை கிராம் ஈயம் போடணும்?" என்று கேட்பார்கள். ட்ரோலிங் என்றால் ஓடும் படகுக்குப் பின்னால் தூண்டிலை இழுத்து மீன் பிடிப்பது. எந்த ஏரி, எந்த மீன் என்று தெரியாமல் இதற்குப் பதில் கிடையாது. அவர்கள் பார்க்கும் காணொளிகள் பெரும்பாலும் வட அமெரிக்காவின் பேரேரிகளில் எடுத்தவை. மிச்சிகன் ஏரியில் சால்மனும் லேக் டிரவுட்டும் கோடையில் குளிர்ந்த நீரைத் தேடி 20, 30 மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். அதனால் அங்கே நாலைந்து கிலோ ஈயக்குண்டைக் கம்பியில் கட்டி, படகோரத்தில் சின்ன வின்ச்சு வைத்து இறக்குகிறார்கள். டவுன்ரிகர் என்பது அதுதான். அதையே நம் தெமெங்கோர் அணை ஏரியில் செய்தால் குண்டு நேராகப் போய் மூழ்கிய மரத்தில் மாட்டும். அப்புறம் அன்றைக்கு மீன்பிடிப்பு இல்லை, குண்டு மீட்புதான்.

நம் தோமான் விரால் சாதி. செவுளை மட்டும் நம்பி அதனால் வாழ முடியாது, மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். இப்படி அடிக்கடி மேலே வர வேண்டிய மீன் 30 மீட்டர் ஆழத்தில் போய் என்ன செய்யும்? தவிர, நம் ஊர் அணைக்கட்டு ஏரிகளில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. செபாராவும் மேல்தண்ணீரில் சின்ன மீனை விரட்டுகிற மீன்தான். ஆகவே நமக்கு வேண்டிய ஆழம் 2 மீட்டரிலிருந்து 8 மீட்டர் வரை, அதற்குக் கீழே மிக அபூர்வம். அவ்வளவு ஆழத்துக்குப் பெரிய ஈயம் தேவையே இல்லை. நமக்குத் தொல்லை வேறு இரண்டு. ஒன்று, படகின் சத்தம். மேல்தண்ணீரில் இருக்கிற மீன், எஞ்சின் தலைக்கு மேலே போனால் விலகிவிடும். இன்னொன்று, பட்ட மரங்கள். முதல் தொல்லைக்கு, நரம்பைப் படகை விட்டு விலக்கிக் கொண்டுபோகும் மிதவைப் பலகை; இரண்டாவதற்கு அறுந்துபோகிற ஈயம். இந்த இரண்டையும் சரியாகக் கட்டத் தெரிந்தால் போதும்.

முதலில் ஈயம். கடையில் வாங்கலாம்தான், ஆனால் நான் ஊற்றிக்கொள்கிறேன். செம்பனை ஆலையில் ஃபிட்டர் வேலை, இரும்பும் நெருப்பும் பழகிய கை. டயர் கடையில் சக்கரம் பேலன்ஸ் பண்ணக் கழற்றிப் போடுகிற பழைய ஈயத்துண்டுகளை ஒரு டப்பா நிறையக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். இப்போது வருகிற துண்டுகளில் ஈயம் இல்லாதவையும் கலந்திருக்கும். இரும்பைக் காந்தம் வைத்துப் பொறுக்கிவிடலாம். துத்தநாகம்தான் ஏமாற்றும். ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும். தீயைக் குறைவாக வைத்தால் ஈயம் உருகிய பிறகும் துத்தநாகம் திடமாக மேலே மிதக்கும். அதைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். தீயைக் கூட்டி அதையும் உருக்கிவிட்டால் முழுச் சட்டியும் கெட்டுப்போய்க் கட்டிகட்டியாக நிற்கும்.

அச்சுக்கு இரண்டு செங்கால் மரக் கட்டைகளைச் சேர்த்து இறுக்கி, சேரும் கோட்டின் மேலேயே 12 மில்லிமீட்டர் துளை போடுங்கள், ஆனால் அடிவரை போகாமல். கட்டையைப் பிரித்தால் ஈயம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஊற்றும் முன் துளையின் நடுவே துருப்பிடிக்காத கம்பி ஒன்றை வளைத்து நிறுத்துங்கள், அதன் முனை வளையமாக வெளியே தெரிய வேண்டும். இந்த அளவுத் துளையில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 13 கிராம் பிடிக்கும். 2 சென்டிமீட்டர் ஊற்றினால் 26 கிராம், நாலரை ஊற்றினால் 58 கிராம். எனக்கு இந்த இரண்டு அளவும் இடையில் 40 கிராம் ஒன்றும் இருந்தால் ஏரி முழுக்கப் போதும்.

ஈயத்தை ஊற்றுவது வெட்டவெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று. கையுறை, முழுக்கைச் சட்டை, பூட்ஸ் எல்லாம் வேண்டும். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் வெடித்து முகத்தில் அடிக்கும். அதனால் அச்சு ஈரமாக இருக்கக் கூடாது, மழை வரும் மாதிரி இருந்தால் அடுப்பையே பற்றவைக்காதீர்கள். சமையல் சட்டியைத் தொடாதீர்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பழைய கார் பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் அமிலமும் விஷத் தூசியும் சேர்ந்து வரும். ஊற்றிய ஈயங்களை நான் ரப்பர் பால் பிடித்த பழைய மங்குகளில் அளவு வாரியாகப் போட்டு வைக்கிறேன். மரம் வெட்டின காலத்து மங்கு எங்கள் வீட்டில் இன்னும் ஒரு சாக்கு கிடக்கிறது.

ஈயத்தை நரம்பில் சேர்க்கும் வழி பல உண்டு. கடையில் கிடைக்கும் வாழைப்பூ வடிவ ஈயத்தை நடுவில் கோத்து இரண்டு பக்கமும் கிலி-கிலி (நரம்பு முறுக்காமல் சுழலும் இணைப்பு) போட்டுக் கட்டுவது எளிது, ஆனால் மரத்தில் மாட்டினால் எல்லாம் போய்விடும். நான் கட்டுவது மூன்று கண் கிலி-கிலி. ஒரு கண்ணில் ரீலிலிருந்து வரும், 30 பவுண்டு தாங்கும் நரம்பு. எதிர்க் கண்ணில் 40 பவுண்டு லீடர் நரம்பு ஒன்றரை மீட்டர், அதன் முனையில் ஒரு சாண் கம்பி, அப்புறம் கெவாங், அதாவது முள் வைத்த போலி மீன். கம்பி எதற்கென்றால் தோமானின் பல். தடித்த தங்கூசியைக்கூட (நைலான் நரம்பு) அது நறுக்கிவிடும். செபாராவுக்கு மட்டும் என்றால் கம்பி வேண்டாம், கெவாங்கின் ஆட்டத்தைக் கெடுக்கும். மூன்றாவது கண்ணில் 8 பவுண்டு மெல்லிய தங்கூசி ஒரு முழம், அதன் முனையில் ஈயம். கெவாங்குக்கு முன்னால் கீழே தொங்கிப் போகிற ஈயம்தான் முதலில் மரத்தில் மாட்டும். இழுத்தால் மெல்லிய நரம்பு மட்டும் அறும். ஈயம் போகட்டும், அது டயர் கடைக் குப்பை. கெவாங் திரும்பி வர வேண்டும், அதன் விலை 50 வெள்ளி (ரிங்கிட்).

இந்தக் கட்டில் மிதக்கும் கெவாங்கையே போடுங்கள். படகு நின்றாலும் அது மேலே எழும்பும், மரத்துக்குள் இறங்காது.

திறந்த தண்ணீரில், மரமே இல்லாத இடத்தில், கிளிப் ஈயம் வசதி. அமெரிக்காவில் வால்ஐ என்ற மீனைப் பிடிக்கிறவர்கள் ஐம்பதுக்கு ஐம்பது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கெவாங்கை 50 அடி விட்டு, நரம்பில் கிளிப்போடு ஈயத்தை மாட்டி, இன்னும் 50 அடி விடுவது. நம் கணக்கில் எட்டுப் பாகம், அப்புறம் எட்டுப் பாகம். கையை விரித்து நரம்பைப் பாகம் பாகமாக அளந்து விட்டால் கவுண்டர் வைத்த ரீல் தேவையில்லை. எல்லாத் தூண்டிலிலும் ஒரே மாதிரி எண்ணி விடுவதுதான் முக்கியம். எதில் மீன் அடித்ததோ அந்தக் கணக்கை மற்றதற்கும் கொடுக்கலாம். சும்மா "கொஞ்சம் விட்டேன்" என்றால் இரண்டாவது மீன் அதிர்ஷ்டத்தில்தான் வரும்.

ஈயம் எவ்வளவு ஆழத்தில் போகிறது? எடை கூடினால் ஆழம், வேகம் குறைந்தால் ஆழம், நரம்பு மெல்லிசானால் ஆழம். நரம்பு தண்ணீருக்குள் நுழையும் சாய்வைப் பார்த்து ஒரு மதிப்புப் போடலாம். தண்ணீர் மட்டத்தோடு 45 டிகிரி சாய்ந்திருந்தால், ஈயம் வரைக்கும் விட்ட நீளத்தில் பத்தில் ஏழு பங்கு ஆழம். 30 டிகிரி என்றால் பாதி. 20 டிகிரி என்றால் மூன்றில் ஒரு பங்கு. நரம்பு தண்ணீருக்குள் நேர்க்கோடாக நிற்காது. மேலே படுத்து, ஈயத்துக்குப் பக்கத்தில் செங்குத்தாக வளையும். அதனால் ஈயம் இந்தக் கணக்கைவிடச் சற்று கீழேதான் இருக்கும். நம்பகமான வழி வேறு. பழைய கெவாங் ஒன்றில் முள்ளையெல்லாம் கழற்றிவிட்டு, ஆழம் தெரிந்த மணல் திட்டின் மேல் இழுத்துப் பாருங்கள். தரையைத் தட்டும்போது கம்பு முனை துடிக்கும். எத்தனை பாகம், எத்தனை கிராம், எந்த வேகம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் இதை லெங்கோங் பக்கத்து ராபான் ஏரியில் செய்வேன். 1930இல் கட்டி முடித்த செண்டரோ அணையின் தண்ணீர் அது. சின்ன ஏரி, காற்று குறைவு, எங்கள் ஊரிலிருந்து தெமெங்கோரைவிடக் கிட்டே.

சரி, இப்போது பலகை.

பிளேனர் போர்டு என்பது தண்ணீரில் ஓரமாக நிமிர்ந்து மிதக்கும் ஒரு சின்னப் பலகை. நரம்பை அதில் கவ்வவைத்து இழுத்தால், தண்ணீரின் தள்ளலில் அது படகை விட்டுப் பக்கவாட்டில் 15, 20 மீட்டர் விலகிப் போகும், கெவாங்கையும் கூட்டிக்கொண்டு. தெமெங்கோரின் பாண்டிங் தீவுப் படகுத்துறையில் ஒரு படகோட்டி முதல் தடவை இதைப் பார்த்துவிட்டு, "லாயாங்-லாயாங் ஆயேர்" என்றார், தண்ணீர்க் காற்றாடி. சரியாகத்தான் சொன்னார். காற்றாடிக்கு நூல் கட்டும் இடம் எப்படியோ, அப்படித்தான் பலகைக்கு, நரம்பைக் கவ்வும் முன் கிளிப்பின் இடம்.

மரம் எது? எங்கள் பக்கம் ரப்பர் மரப் பலகை மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது வேண்டாம். கனம் அதிகம். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், பூச்சியும் அரிக்கும். நாற்காலிக்குச் சரி, தண்ணீருக்குச் சரியில்லை. ஜெலுத்தோங் அல்லது புலாய் நல்லது, இரண்டும் லேசான, கத்திக்கு இடம் கொடுக்கும் மரம். நீளம் 30 சென்டிமீட்டர், உயரம் 9 அல்லது 10, தடிமன் இரண்டரை.

மூக்கு வெட்டும் இடத்தில்தான் ஆட்கள் குழம்புவார்கள். பலகையை ஓரத்தில் நிறுத்தி மேலிருந்து பாருங்கள். முன் முனையை 45 டிகிரிக்குச் சரிவாக வெட்ட வேண்டும். அந்தச் சரிவு படகைப் பார்த்தபடி இருக்க வேண்டும், நீண்ட பக்கம் வெளியே. முன்னாலிருந்து வரும் தண்ணீர் சரிவில் மோதி, பலகையை வெளிப்பக்கம் தள்ளும். திருப்பி வெட்டினால் பலகை படகை நோக்கி ஓடி வந்து எஞ்சினுக்குள் நுழையப் பார்க்கும். அதனால் இடப்பக்கப் பலகை வேறு, வலப்பக்கப் பலகை வேறு, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். நான் இடதுக்குச் சிவப்பு, வலதுக்குப் பச்சைச் சாயம் அடித்திருக்கிறேன், கப்பல் விளக்கு மாதிரியே. அதிகாலை இருட்டில் கை தானாக எடுக்கும்.

சாயம் அடிக்கும் முன் கீழ் ஓரத்தில், நடுவுக்குச் சற்றுப் பின்னால், ஈயப் பட்டை ஒன்றைத் திருகி வைக்கவும். என் பலகைகளுக்கு 130 கிராம் வாக்கில் பிடித்தது. மரத்துக்கு மரம் மாறும், குளியலறைத் தொட்டியில் போட்டுப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு மேலே தெரிய, நிமிர்ந்து நிற்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்தால் ஈயம் போதவில்லை. மூக்கு தாழ்ந்தால் ஈயத்தைப் பின்னால் நகர்த்துங்கள். பின் மேல் மூலையில் ஒரு சாண் கம்பியும் ஆரஞ்சுத் துணியும். பழைய பாதுகாப்பு உடுப்பில் வெட்டிய துண்டு தூரத்திலிருந்தும் பளிச்சென்று தெரியும்.

முன் கிளிப் படகைப் பார்க்கும் பக்கத்தில், மூக்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, நடு உயரத்தில் வரும். ஒன்றுக்கு மூன்று துளை போட்டு வையுங்கள். கிளிப்பை முன் துளைக்கு மாற்றினால் பலகை சாதுவாக, படகுக்குக் கிட்டேயே போகும். பின்னால் மாற்றினால் வெளியே வலுவாக இழுக்கும், ரொம்பப் பின்னால் போனால் முகம் திரும்பி நின்றுவிடும். துணி மாட்டும் கிளிப்பின் இரு வாயிலும் சைக்கிள் டியூப் துண்டை ஒட்டினால் நல்ல முன் கிளிப் ஆகிவிடும். தங்கூசியை அது நன்றாகக் கவ்வும். பின்னல் நரம்பு வழுக்கும், அதை வாயில் மூன்று சுற்றுச் சுற்றி வைக்க வேண்டும். பின் கிளிப் கீழ்ப் பின் மூலையில். அது கடையில் வாங்கிய, பூட்டுகிற வகையாக இருக்கட்டும். மீன் அடித்தால் முன் கிளிப் விட வேண்டும், பின் கிளிப் விடக் கூடாது. அப்போதுதான் பலகை வாலால் தொங்கிக்கொண்டு பின்னோடு வரும், பக்கவாட்டில் இழுக்காது, தொலையவும் செய்யாது.

இந்த அளவுப் பலகை 60 கிராம் ஈயம் வரை தாங்கும். அதற்கு மேல் கட்டினால் பாதி மூழ்கி, படகுக்குப் பின்னாலேயே வந்துவிடும்.

தெமெங்கோர் போக எங்கள் ஊரிலிருந்து கோலகங்சார், லெங்கோங், கிரிக் வழி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடியும் முன் கிளம்பினால்தான் காற்று எழும் முன் நாலு சுற்றுப் போக முடியும். பேராக் ஆற்றை 1970களில் மறித்துக் கட்டிய நீர்மின் அணை அது, காட்டோடு சேர்த்து மூழ்கடித்த ஏரி. தண்ணீர் இறங்கும் மாதங்களில் மரமுனைகள் வெளியே தெரியும், ஏறினால் ஒரு முழம் கீழே ஒளிந்துகொள்ளும். இரண்டாவதுதான் ஆபத்து. வடக்கே ராயல் பெலும் பூங்காவுக்குள் போவதானால் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும், படகோட்டியிடம் சொன்னால் வழி சொல்வார்.

வேகம் மணிக்கு 3 முதல் 4.5 கிலோமீட்டர். கைப்பேசியின் ஜி.பி.எஸ். காட்டும். 15 எச்.பி. எஞ்சின் ஐடிலிலேயே இதைவிட வேகமாகப் போகும் என்றால், பழைய ரப்பர் பால் வாளி ஒன்றின் பிடியில் கயிறு கட்டி, படகின் நடுப்பக்கத்தில் தண்ணீரில் தொங்கவிடுங்கள். கயிறு புரொப்பெல்லர் வரை எட்டாத நீளமாக இருக்க வேண்டும். அந்தக் காண்டா வாளி தோட்டத்தில் பால் சுமந்த மாதிரியே இங்கே தண்ணீரைச் சுமந்து படகைப் பிடித்து வைக்கும்.

நாலு தூண்டில் போதும். இரண்டு பலகையில், இரண்டு நேராகப் பின்னால். பலகைகளை முதலில் விடுங்கள். படகு நேராக ஓடும்போது கெவாங்கை எண்ணி விட்டு, ரீலைப் பூட்டி, நரம்பைப் பலகையின் முன் பின் கிளிப்புகளில் மாட்டி, பலகையைத் தண்ணீரில் நிமிர்த்து வையுங்கள். கட்டைவிரலால் ரீலைத் தடவிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒரேயடியாக விட்டால் பலகை கவிழும். வேண்டிய தூரம் போனதும் பூட்டி, கம்பைத் தாங்கியில் செருகி, ரீலின் பிரேக்கான டிராகைத் தளர்த்தி வையுங்கள். கம்பு முனை உயரமாக நிற்கட்டும், நரம்பு தண்ணீரைத் தொடாமல் இருந்தால் பலகை நன்றாக விலகும். நேர்த் தூண்டில்கள் அப்புறம்.

இதன் லாபம் கரையோரத்தில் தெரியும். படகு ஆழத்தில் பத்திரமாகப் போகும், கரைப்பக்கப் பலகை மட்டும் சரிவின் விளிம்பில், மீன் சுற்றுகிற கோட்டில் போகும். எஞ்சின் சத்தம் அங்கே போவதற்குள் தணிந்துவிடும். ஆனால் மரக்கூட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் அந்தப் பலகையை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். பலகைக்குக் கண் கிடையாது. சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மேலே கொப்பளித்துக்கொண்டிருந்தால் அது தோமான் குடும்பம். பலகையோ கெவாங்கோ அதன் வழியாகப் போகாமல் சுற்றிப் போங்கள். காவல் நிற்கும் பெரிய மீனைத் தூக்கினால் குஞ்சுகளை மற்ற மீன்கள் கொஞ்ச நேரத்தில் முடித்துவிடும்.

திரும்பும்போது அகலமாகத் திரும்புங்கள். உள்பக்கப் பலகை வேகம் குறையும், அதன் ஈயம் இறங்கும். வெளிப்பக்கம் வேகம் கூடி ஈயம் ஏறும். திருப்பத்தில் எந்தப் பக்கம் அடித்தது என்று கவனியுங்கள். உள்பக்கம் அடித்தால் மீன் மெதுவாக, ஆழமாகக் கேட்கிறது. வெளிப்பக்கம் என்றால் வேகத்தைக் கூட்டுங்கள். இதனால் நேரே போகாமல் பாம்பு மாதிரி நெளிந்து போவது நல்லது.

மீன் அடித்தால் கொடி சட்டென்று பின்னால் சாயும், பலகை வரிசையை விட்டு விலகும். கம்பை வெட்டி இழுக்காதீர்கள், முள்ளைப் பலகையின் எடையும் படகின் ஓட்டமும் ஏற்கெனவே ஏற்றிவிட்டிருக்கும். படகை நிறுத்தாமல் வேகத்தை மட்டும் குறையுங்கள், நிறுத்தினால் நரம்பு தளரும், மற்ற ஈயங்கள் எல்லாம் மரத்துக்கு இறங்கும். பலகை கைக்கு எட்டியதும் கூட இருப்பவர் பின் கிளிப்பைத் திறந்து எடுக்க, நீங்கள் சுற்றிக்கொண்டே இருங்கள். அப்புறம் கிளிப் ஈயம் வரும், அதையும் கழற்றுங்கள். மீன் கிட்டே வரும்போது ஆடிக்கொண்டிருக்கிற ஈயம் முகத்துக்கு நேரே இருக்கக் கூடாது.

மத்தியானத்துக்கு மேல் மேகம் கறுத்தால் முதலில் பலகையை ஏற்றுங்கள். அலையில் அவை குதித்து ஒன்றோடொன்று சிக்கும், சிக்கல் எடுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். ஏப்ரல், அக்டோபர் பக்கம் மதிய இடி எங்கள் பேராக்கில் தினசரி சமாசாரம். உயிர்காப்பு உடுப்பு இருக்கையின் கீழே அல்ல, உடம்பில் இருக்கட்டும்.

மரத்தில் மாட்டினாலும் பலகை பின்னால்தான் சாயும், ஆனால் துடிப்பு இருக்காது. நியூட்ரலுக்கு வாருங்கள். கூட இருப்பவர் மற்றத் தூண்டில்களைச் சுற்றட்டும். முதலில் பலகையைக் கழற்றுங்கள். பிறகு மாட்டின இடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய், கெவாங் நுழைந்த திசைக்கு எதிரே மெதுவாக இழுங்கள். பெரும்பாலும் ஈயத்தின் மெல்லிய நரம்பு அறுந்து கெவாங் வந்துவிடும். வராவிட்டால் பெரிய சாவி வளையம் ஒன்றில் 200 கிராம் ஈயம் கட்டி, நரம்பில் மாட்டி, தனிக் கயிற்றில் கீழே வழுக்கவிட்டுத் தட்டுங்கள். அதற்கும் அசையாது என்றால் நரம்பை ஒரு கட்டையில் சுற்றிப் படகால் இழுங்கள். கையில் சுற்றாதீர்கள், பின்னல் நரம்பு விரலை எலும்பு வரை அறுக்கும்.